மூன்று கோடுகள்

தலைநகரிலிருந்து வந்த பயிற்சியாளர்
ஆளுக்கொரு மஞ்சள் தாள் கொடுத்தார்.
"உங்களை இயக்குவது எது?"
கீழே மூன்று கோடுகள்.
ஓரத்தில் சிரிக்கிற சூரியன் ஒன்று.

பத்தொன்பது வருடமாக நாரின் ஊரில்
இயற்பியல் நடத்துகிறேன்.
இயக்குவது விசை என்று எழுதலாம்.
நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கிப் போடலாம்.
அவருக்குச் சிரிப்பு வராது.
பேனாவை மூடிவிட்டுத் தேநீருக்குப் போனேன்.

ஒரு கோட்டுக்குக்கூட
ஒன்றும் தேறாத நாட்கள்தான் அதிகம்.
பிப்ரவரியில் அப்படி ஒரு காலை.
மைனஸ் முப்பத்தொன்று.
கைப்பையில் ராஜினாமாக் கடிதம்,
நான்காம் முறையாக எழுதியது.
முந்தைய மூன்றைவிட
இதில் கையெழுத்து நன்றாக விழுந்திருந்தது.

மார்ஷ்ருட்கா வேன் கிளம்பவில்லை.
ஓட்டுநர் தோக்தோசுன் தரையில் படுத்து
ஊதுவிளக்கால் எஞ்சினைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்,
காய்ச்சல்காரப் பிள்ளைக்கு
ஒத்தடம் கொடுப்பவர் மாதிரி,
திட்டிக்கொண்டே.
உள்ளே பதினோரு பேர்.
பக்கத்தில் ரொட்டி மூட்டையோடு ஒருத்தி.
"விரல் விறைச்சுப்போச்சா, உள்ளே விடுங்க" என்றாள்.
விட்டேன்.
அந்த மாதம் முழுக்க
அவ்வளவு கதகதப்பாக எதையும் நான் தொடவில்லை.

முன் இருக்கையில் பெகிமாய்.
ஒன்பதாம் வகுப்பு, சுவரோர பெஞ்சு.
செப்டம்பரிலிருந்து
வருகைப் பதிவுக்கு மட்டுமே வாய் திறந்தவள்.
ஜன்னலில் படிந்த உறைபனியில்
நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்:
ஒரு சரிவு. சரிவில் ஒரு பெட்டி.
பெட்டிக்கு ஆறு சக்கரம்.
அம்புக்குறிகள்.

நான் கொடுத்த கணக்கு இல்லை அது.
அவள் அப்பாவுக்குச் சரக்கு லாரி.
தொலோன் கணவாய் மூடி
அன்றைக்கு மூன்றாம் நாள்.

உராய்வைத் தப்பாகப் போட்டிருந்தாள்.
கழிக்கவேண்டிய இடத்தில் கூட்டல்.
அப்படிப் பார்த்தால்
பிடித்து நிறுத்தவேண்டியதே
லாரியைக் கீழே தள்ளிவிடும்.

என் கை ரொட்டியை விட்டு
என்னைக் கேட்காமல் எழுந்தது.
அவள் தோளைத் தாண்டி நீண்டு
அந்தக் கூட்டல் குறியின் மேல்
கட்டைவிரலை வைத்து அழுத்தியது.
பனி உருகிப் பொத்தல் விழுந்தது.
பொத்தலுக்குள் தெருவும்
தோக்தோசுனின் பூட்ஸும் தெரிந்தன.

அவள் திரும்பவில்லை.
பொத்தலையே கொஞ்சநேரம் பார்த்தாள்.
பிறகு அதன் ஓரமாக
சின்னதாய் ஒரு கழித்தல்.
அடுத்த வரி. அதற்கடுத்தது.
கண்ணாடி தீர்ந்துவிட்டது.
"எஜே, தாள் இருக்கா?"

பையில் இருந்தது ஒரே தாள்.
மடிப்போடு இரண்டாகக் கிழித்தேன்.
எழுதிய பாதி எனக்கு,
அடிப்பாதி அவளுக்கு.
கையெழுத்துப் போட்டிருந்தது அடிப்பாதியில்தான் என்பது
பள்ளி வாசலில்தான் ஞாபகம் வந்தது.

"நிற்கும்" என்று
கடைசி வரியில் எழுதினாள்.
எண் எதுவும் போடவில்லை.
அதற்கு அரை மதிப்பெண் குறைப்பேன் வழக்கமாக.

வியாழக்கிழமை கணவாய் திறந்தது.
அப்பா வந்தாரா என்று நான் கேட்கவில்லை.
வெள்ளியன்று வகுப்பில்
சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.
எழுப்பாமல்
குரலைத் தாழ்த்திப் பாடம் நடத்தினேன்.

மார்ச் பழையபடிதான்.
கத்தினேன். சாக்பீஸ் ஒடிந்தது.
பாதிக் கடிதம் இன்னும் பையில் கிடக்கிறது,
வேறொரு தாளில் எழுத எனக்குத் தடையில்லை.

பயிற்சியாளர் தாள்களைச் சேகரித்து
சுவரில் ஒட்டினார்.
குடும்பம், எதிர்காலம், நாடு.
என்னுடையதில் சூரியன் மட்டும்.

ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது.
மைனஸ் முப்பத்தொன்றில்,
பதினோரு பேர் மூச்சுக்கு நடுவே,
ஒரு மூட்டை ரொட்டி
எவ்வளவு நேரம் சூடாக இருக்கும்?
எனக்கும் விடை தெரியாது.
திங்கட்கிழமை முதல் பீரியடில்
கரும்பலகையில் எழுதப்போகிறேன்.