ஒரு தவணை பாக்கி

சீட்டுக்கு ஈடாக வந்தது இந்தக் கிட்டார்.
மூன்றாம் மாதமே தள்ளி எடுத்துக்கொண்டு
ஐந்தாம் மாதம் மலேசியாவுக்கு விமானம் ஏறினான் கோ ஸோ லின்.
போகிற அன்று காலை,
ரங்கூன் ஐம்பத்தோராம் தெருவில்,
நான்கு மாடிக்குக் கீழே நின்று கயிற்று மணியை ஆட்டினான்.
கீரை, பேப்பர், தவணைப் பணம்
எல்லாம் ஏறிவரும் அதே கயிற்றில்
உறையோடு ஏறி வந்தது,
சுவரில் இரண்டு முறை இடித்து
ஒரு முறை உள்ளுக்குள் முனகி.
"மீட்காவிட்டால் விற்றுவிடுங்கள், அக்கா."

தெருமுனைத் தரகன் தட்டிப் பார்த்தான்.
வாசித்துக் காட்ட ஆள் இருந்தால்தான் விலை போகுமாம்.
ஆளுக்கு எங்கே போவது?
உறைக்குள் ஒரு தாள் மடித்துக் கிடந்தது:
உருண்டை உருண்டையாய் பர்மா எழுத்து,
அதன் தலைக்கு மேல் பென்சிலில்
சி, ஏ மைனர், எஃப், ஜி.
திரும்பத் திரும்ப அந்த நான்குதான்.
ஓரத்தில் மா சந்தா என்று ஒரு பெயர்.
இங்கே அது நிலா.
நமக்கு அதுவும் கட்ட வேண்டிய பணம்.

சி வந்தது.
ஏ மைனர் நல்ல பார்ட்டி, கேட்டதும் வந்துவிட்டது.
எஃப்தான் இழுத்தடித்தது.
ஆள்காட்டி விரல் ஆறு கம்பிகள் மேலும்
நெடுஞ்சாண்கிடையாய் விழ வேண்டுமாம்.
இருபது பேரை ஒரே நோட்டில் அடக்கி வைத்திருக்கிறேன்,
ஆறு கம்பி அடங்கவில்லை.

மாலை ஐந்துக்குக் கரண்ட் போகும்.
தெரு முழுக்க ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியதும் உட்காருவேன்,
யார் காதிலும் விழாது.
முதல் வாரம் விரல் நுனியில் கோடு.
அடுத்த வாரம் கொப்புளம்.
அதற்கப்புறம் ஒருநாள் பணம் எண்ணும்போது
இடது கைக்குத் தாளே தெரியவில்லை.
எச்சில் தொட்டு எண்ணினேன்,
நாற்பத்தாறு வயதில் முதல் முறையாக.

பாட்டு இப்படிப் போகிறது:
நீ இறங்கிய நிறுத்தத்தில் நானும் இறங்கினேன்,
என் குடை மட்டும் பஸ்ஸில் போய்விட்டது.
அசட்டுப் பாட்டு.
பல்லவியில் 'ச்சிட்' என்ற சொல் எட்டு இடத்தில் வருகிறது.
பர்மாக்காரர்களுக்கு அது காதல்.
எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்துக்கு
மாதம் பிறந்தால் கொடுக்க வேண்டியது என்று பொருள்.
எட்டு இடத்திலும் சிரிப்பு வந்தது எனக்கு.
ஒரு மழை நாளில்
ஏழு இடத்தில்தான் வந்தது.

புதன்கிழமை மணி ஆடியது.
இழுத்தேன். பிளாஸ்டிக் பையில் பணம்,
தவணை தவணையாய் ரப்பர் போட்டு.
எட்டிப் பார்த்தால் ஒரு குடை,
சாய்ந்ததும் தனக்கா பூசிய கன்னம்.
"ஸோ லின் அனுப்பினான். கிட்டாரை இறக்குங்கள், அக்கா."
"மா சந்தாவா?"
"ம்."
எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
ஒரு தாள் குறையவில்லை.
பதினேழு வருடமாய்ச் சீட்டுப் பிடிக்கிறேன்,
கணக்கு பிசகியதாய் எவரும் சொன்னதில்லை.
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கூவினேன்:
"ஒரு தவணை பாக்கி இருக்கிறது, தங்கச்சி!"

விரல்விட்டு எண்ணினாள்.
நிமிர்ந்து என்னையே பார்த்தாள், கொஞ்ச நேரம்.
பிறகு ஜெனரேட்டருக்கு மேலே கத்தினாள்:
"நேற்றும் இங்கேதான் நின்றிருந்தேன்.
எஃப்பை ஏன் முழுசாய்ப் பிடிக்கிறீர்கள்?
அவன் ஒருநாளும் பிடித்ததில்லை.
கீழே இரண்டு கம்பி, அவ்வளவுதான்.
மிச்சத்தை நான் முணுமுணுத்துவிடுவேன்."

குடை தெரு திரும்பிப் போனது.
கயிற்றை இறக்கிவிடாமல்
கிளிப்பைப் பிடித்தபடி நின்றேன்.
கரண்ட் வந்தது. உறுமல்கள் ஒவ்வொன்றாய் அணைந்தன.
இனி வாசித்தால் தெருவுக்கே கேட்கும்.
இரண்டு கம்பி.
பார்ப்போம்.