இடது கண்ணாடி

பதினோரு மாதம் கழுத்தைத் திருப்பாமலே
திருமங்கலம் பஸ்ஸை ஓட்டினேன்.
இடது கண்ணாடிக்குப் பதில்
கண்டக்டர் சோணைமுத்துவின் தொண்டை:
“வாங்கண்ணே, வாங்க, வாங்க… சைக்கிள்! நில்லு!”

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் ஜெசிந்தா
சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினார்.
இது ஒரு புரதம். சேதி சொல்கிற புரதம்.
கிருமி வந்தால் கூவும், ஆள் கூடும்.
கிருமி போனதும் ஓய வேண்டும்.
உங்களுக்கு ஓயவில்லை.

ஒருமுறை கோரிப்பாளையம் சிக்னலில்
அழுத்தாமலே அலறிய என் ஹாரன்.
ஒயரைப் பிடுங்கித்தான் அடக்கினோம்.
“அப்ப, பிடுங்கி விட்ருங்க.”

அவர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்,
“வீட்ல யாருக்காவது காசம் இருந்துச்சா?”

அண்ணனுக்கு. தோப்பூரில் நான்கு மாதம்.
தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோனது நான்.

அங்கிருந்து வந்தது
உங்கள் நெஞ்சுக்குள் தூங்கிக்கொண்டிருக்கலாம்.
அதைச் சுற்றி எழும்பிய சுவர் இடியாமல்
காத்து நிற்பதும் இதே புரதம்தான் என்றார்.

என் முதுகை முறிக்கிறவன்
இருபது வருடமாய்
சம்பளமில்லாமல் என் வாசலில் நின்றிருக்கிறான்.
திட்டிய திட்டையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைக்க?

முதலில் மாத்திரை. மூத்திரம் ஆரஞ்சாய்ப் போனது.
பிறகுதான் ஊசி,
ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில்,
மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

மூன்றாவது ஊசி போட்ட வாரம்
பசுமலை வளைவில்
கழுத்து தானாகத் திரும்பியது.
இடது கண்ணாடிக்குள்
படியில் தொங்கியபடி சோணைமுத்து
இன்னமும் கத்திக்கொண்டிருந்தான்.

போதும் என்று
நான் சொல்லவில்லை.