தேனாவுக்கும் ஒரு ஜோடி

இரண்டாம் வாரமே, பிர்னோவில்,
ட்ராம் படியில் விழுந்து
போனின் முன்பக்கக் கேமரா போய்விட்டது.
மாற்ற ஆகும் காசுக்கு
க்ராக்கோவ் போய்வர இரண்டு பஸ் டிக்கெட்.
டிக்கெட்டை வாங்கினேன்.

அதன்பின் என் முகம்
முன்பின் தெரியாதவர் கையில்.

வியன்னா கால்வாய்க் கரையில்
ஓடிக்கொண்டிருந்த ஒருவர்
நின்ற இடத்திலேயே குதித்தபடி எடுத்தார்.
எனக்கு நான்கு கண்.
லூப்லியானாவில் எட்டு வயது ஷீகா
அம்மா கையிலிருந்து பிடுங்கி
தன் உயரத்திலிருந்து எடுத்தான்:
இரண்டு மூக்குத்துளை, கோட்டை நுனி,
மிச்சமெல்லாம் வானம்.
அவ்வளவு நெட்டையாக
என்னை யாரும் பார்த்ததில்லை.

அதை அனுப்பியபோதுதான் அம்மா கேட்டாள்,
"யாரு எடுத்தது?"

தனியாகத்தான் வந்தேன் என்று சொல்லியிருக்கலாம்.
விடுதியில் துணி துவைக்கும் அறைச் சுவரில்
எந்த வருடத்து முறைப்பட்டியலோ,
பாதி அழிந்தது:
வியாழன், மாலை ஏழு, ஸ்டெனா.
அந்தப் பெயர் வாயில் வந்து நின்றது.

"ஸ்டெனா எடுத்தா."
"தேனாவா? நல்ல பேரு."

பெயர் வைத்தபின் விட முடியுமா.
தேனாவுக்கு ஓர் அப்பா வேண்டியிருந்தது,
சரக்கு ரயில் ஓட்டுகிறவர்.
நாய் பயம் வேண்டியிருந்தது, என்னுடையதைக் கொடுத்தேன்.
காலை எட்டு மணி வகுப்புக்கு
இரவு பஸ்ஸில் இருந்து நேராக வந்து
கடைசி பெஞ்சில் தூங்கியது தேனா.
திரவ இயக்கவியலில் தோற்றதும்
தேனாதான்.

"பாவம்டி. ஒரு பேப்பர்தானே,
உலகமா முழுகிடும்னு சொல்லு அவகிட்ட."

சொன்னேன்.
இயந்திரத்தின் வட்டக் கண்ணாடியில்
என் ஜீன்ஸ் சுற்றிக்கொண்டிருந்தது.
அதைப் பார்த்து
இரண்டு முறை சொன்னேன்.

ஜியோர் ஸ்டேஷன், விடிகாலை நான்கு.
எடுக்க ஆள் இல்லை.
ரொட்டிப் பையில் போனைச் சாய்த்து
பத்து நொடி வைத்தேன்; ஏழில் சரிந்தது.
கூரை விளக்கு,
ஓடிவரும் ஒரு கை.
அதையும் அனுப்பினேன்.

"உன் தேனாவுக்கு ஒழுங்கா எடுக்கவே வராதா?
ஒருநாள் எடுத்த மாதிரி இன்னொருநாள் இல்லை.
அது கிடக்கட்டும்,
அவ படம் ஒண்ணு அனுப்பு."

ஒரு மாதம் தள்ளினேன்.
சளி என்றேன், பரீட்சை என்றேன்,
முடி வெட்டியது பிடிக்கவில்லையாம் என்றேன்.
கெண்ட் நகரில், ட்ராம் நிறுத்தத்தில்,
பையிலிருந்து வெங்காயத்தாள் எட்டிப் பார்க்க
லீவ என்றொரு பெண்.
பாலத்தோடு என்னை எடுக்கச் சொன்னால்
பாலத்தை மட்டும் எடுத்துத் தந்தாள்.
என் டச்சு அப்படி.
இருவரும் சிரித்தோம்.
சிரிப்பு அடங்குவதற்குள் கேட்டேன்,
உங்களை ஒன்று எடுக்கவா?
ஏன் என்று கேட்காமல்
பல்லைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

அம்மாவிடமிருந்து வெகுநேரம் பதிலில்லை.
பிறகு வந்தது:
"கொஞ்சம் வயசானவளா இருக்காளே.
படிக்க வந்தது லேட்டோ என்னமோ.
பார்த்துக்கோ அவளை."

பிப்ரவரியில் ஒரு பார்சல்.
கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி.
பழுப்பில் சீட்டு இல்லை.
ஊதாவில், பேனா மையில்,
'தேனாவுக்கு'.

இப்போது ட்ரியெஸ்ட், கடலுக்குள் நீளும் கல்பாலம்.
காற்று ஆளையே தள்ளுகிறது;
குப்பைத் தொட்டி ஒன்று
தனியாக ஊருக்குள் போகிறது.
இரண்டு ஜோடியும் என் காலில்தான்.
பூட்ஸ் கடிக்கிறது.

எதிரே முதுகுப் பையோடு ஒரு பையன்,
பெரிய காது, சிவந்த மூக்கு,
எந்த மொழி என்று தெரியவில்லை,
போனை நீட்டுகிறான்.

கையுறையைப் பல்லால் கழற்றி,
அவனைக் கொஞ்சம் இடப்பக்கம் நகரச் சொல்லி,
கடல் சாயாமல்,
கால் இரண்டும் விழுகிற மாதிரி எடுக்கிறேன்.
வீட்டில் கேட்பார்கள்.