ஐந்தாவது பொத்தான்

பெற்றோர் வந்து பார்க்கும் நாள்.
முழங்கால் மோவாயைத் தொடுகிற குட்டி நாற்காலியில்
என்னை உட்காரவைத்து
ஹில்டா மிஸ் ஒரே ஒரு விதி சொன்னார்:
"ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கோங்க."

கோத்தகிரிக்கு அன்று காலையிலேயே மேகம் இறங்கிவிட்டது.
திறந்த சன்னல் வழியே அதுவும் வந்து
ஓரமாக நின்று பார்த்தது.

ஒரு பையன் கூஜாவிலிருந்து கூஜாவுக்குத் தண்ணீர் ஊற்றினான்.
சிந்தியது.
நான் பதறி நிமிர்ந்தேன்; வேறு யாரும் நிமிரவில்லை.
பஞ்சை எடுத்துவந்து துடைத்தான், பிழிந்தான்,
மறுபடி ஊற்றினான்.
ஒருத்தி உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய 'ழ'வின் மேல்
இரண்டு விரலை ஓட்டினாள்.
கீழ்ச்சுழி வந்ததும்
கொண்டை ஊசி வளைவில் என் கொழுந்து லாரி மாதிரி
வேகம் குறைத்துத் திரும்பினாள்.

என் மகள் நிலோஷினி
பாய் விரித்து, மரச்சட்டத்தை வைத்து,
ஐந்து பொத்தானோடு மல்லுக்கு நின்றாள்.
நாலு போட்டுவிட்டாள்.
ஐந்தாவதுக்குத் துளை இல்லை.
நடுவில் எங்கோ ஒன்றைத் தாண்டியிருக்கிறாள்.
தப்பு என்று யாரும் சொல்லவில்லை.
மிஞ்சி நின்ற பொத்தான் சொன்னது.
எல்லாவற்றையும் கழற்றினாள்.
முதலிலிருந்து.

தொடைக்கு அடியில் என் விரல்கள் அடங்கவில்லை.
முப்பது கிலோ சாக்கைத் தூக்கி எறிகிற கை.
தூக்கத்திலேயே அவளுக்கு ஸ்வெட்டர் மாட்டி,
வாயில் வர்க்கியைத் திணித்து,
ஷூவுக்குள் காலை நுழைத்து
மூன்று நிமிடத்தில் பிள்ளையைக் கிளப்புகிற கை.
இதுவரை அவளிடம் நான் அதிகம் பேசிய சொல்
'சீக்கிரம்'.

ஐந்தாவதும் நுழைந்தது.
பாராட்டுக்காக அவள் யாரையும் தேடவில்லை.
பாயைச் சுருட்டி, சட்டத்தை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு
தண்ணீர் குடிக்கப் போனாள்.
எனக்குத்தான் கைதட்ட வேண்டும் போலிருந்தது.
கை மரத்துப்போயிருந்தது.

மறுநாள் ஆறே கால்.
குளிர்ந்த தரையில் உட்கார்ந்திருக்கிறோம்.
சிவப்பு ஸ்வெட்டரின் மூன்றாவது பொத்தானில் இருக்கிறாள்.
ஃபேக்டரியிலிருந்து போன்,
அடித்து ஓய்ந்து, மறுபடி அடிக்கிறது.
கட்டபெட்டில் கொழுந்து காத்துக்கிடக்கும்.
கிடக்கட்டும்.

போட்டு முடித்தவள் என் சட்டையைப் பார்க்கிறாள்.
இருட்டில் அவசரமாய் மாட்டியது;
கழுத்தருகே ஒரு பொத்தான்
துளை இல்லாமல் நிற்கிறது போல.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
எதிரே நகர்ந்து உட்கார்ந்து
இரண்டு கையையும்
தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள்.