முழங்கை

அட்டைப்பெட்டியைக் கிழித்து
பாகம் பாகமாகச் சைக்கிளைப் பூட்டி முடித்தபோது
மணி நாலரை.
உடம்புக்கு இன்னும் பெல்ஜியத்து நள்ளிரவு ஒரு மணி.
மூன்று மாடி, தோளில் இறக்கினேன்.
கீழே குடங்கள் ஏற்கெனவே வரிசையில்,
தொடக்கக்கோட்டில் நிற்பவர்களைப் போல
ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு.

"வந்துட்டியா ஜெசிந்தா? ஃபர்ஸ்ட்டா வந்தே?"
"இருபத்தேழாவது."
"எத்தினி பேர்ல?"
"நூத்தி நாப்பது."
"அப்போ பாஸுதான்"
என்று குழாய்ப் பக்கம் திரும்பிவிட்டாள் மல்லிகா அக்கா.
மூன்று வருடத்தில் என் பயிற்சியாளர்
இவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை.

தெருமுனையில்
கை தானாக வலப்பக்கம் ஒடித்தது.
அங்கே அதுதான் சரியான பக்கம்.
எதிரே வந்த பால்காரர்
அதிராமல் ஒதுங்கி, தலையசைத்து, வழிவிட்டார்.
ஏதோ அவசரம் போல என்று நினைத்திருப்பார்.

சிவப்பு விளக்கில் நின்றேன்.
காலிச் சாலை.
பின்னால் வந்த முதல் பஸ்
ஏன் நிற்கிறாய் என்று கேட்டது, ஹாரனில், இரண்டு முறை.
மன்னிப்புக் கேட்டுக் கை உயர்ந்தது.

டீக்கடையில் கிளாஸை வாங்கிக்கொண்டு
"டாங்க் யூ" என்றேன்.
டச்சு மொழி.
"பரவால்லம்மா" என்றார் கடைக்காரர்.
மூன்று வருடத்து மொழி
ஒரே வார்த்தையில் கரை சேர்ந்தது,
அதுவும் வேறு மொழியாக.

நேற்று மதியம்
தட்டைத் தராசில் வைத்துச் சோற்றை நிறுத்தேன்.
நூற்று எண்பது கிராம்.
அம்மா கரண்டியோடு நின்று பார்த்தாள்.
ஏலக்கூடத்தில் கையாலேயே மீனை எடைபோட்டவள்.
ஒன்றும் சொல்லவில்லை.
இன்னொரு கரண்டி வைத்தாள்.
இருநூற்று எழுபது என்றது தராசு.
சாப்பிட்டேன்.

காசிமேட்டு வெயிலைப் பற்றி
நான் சொல்லிச் சொல்லி
லோட்டா காதைப் பொத்திக்கொள்வாள்.
வெயில் வந்துவிட்டது, லோட்டா,
ஆறு மணிக்கே ஹெல்மெட் வாருக்குள் வழிகிறது.
உங்கள் மழையைத்தான்
இங்கே யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை.

எண்ணூர் விரைவுச்சாலை.
கண்டெய்னர் லாரிகள் ஓரம் முழுக்க உறங்கின.
ஒரு பள்ளம்.
விரலை நீட்டித் தரையைக் காட்டினேன்,
பின்னால் வருகிறவர்களுக்காக.
பின்னால் யாரும் இல்லை.
ஷேர் ஆட்டோ ஒன்று உரசி நின்றது:
"ஏறும்மா, சைக்கிளை மேல கட்டிக்கலாம்."
பிறகு பள்ளங்களே சாலையாகிவிட
கையைப் பிடியிலேயே வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது தெற்கத்திக் காற்று
முகத்துக்கு நேரே, ஈரத்துணி போல.
தொடை எரிந்தது.
முழங்கை இரண்டு முறை அசைந்தது, கேட்காமலே.
என் முறை முடிந்தது,
அடுத்தவர் முன்னால் வாருங்கள் என்று அர்த்தம்.

வலப்பக்கம் தடதடவென்று ஏறி வந்தது
ஒரு மீன்பாடி வண்டி,
கோணியால் மூடிய ஐஸ் பெட்டிகளோடு.
சைகை புரிந்துதானோ,
வழி விடுகிறேன் என்று நினைத்தோ,
சரியாக எனக்கு முன்னால் வந்து அமர்ந்தான் அவன்.

அவன் பின்சக்கரத்துக்கு இரண்டு முழம் தள்ளி
என் முன்சக்கரம்.
காற்று அறுந்தது.
முப்பத்தாறு. முப்பத்தெட்டு.
புகை, மீன்வாடை,
ஐஸ் உருகிப் பலகை வழியே சிதறி
நெற்றியில், கண்ணாடியில், உதட்டில்
சாரல்.
குளிர்ந்த, உப்புக் கரிக்கிற, அழுக்கான சாரல்.

லோட்டா, உன் சக்கரமும்
இப்படித்தான் என் மேல் சேற்றை வாரி இறைக்கும்.
நான் தமிழில் திட்டுவேன்.
அதை நீ உற்சாகம் என்று நினைத்துக்கொள்வாய்.

அவன் திரும்பிப் பார்த்தான்.
"இன்னாம்மா, ரேஸா?"
வாயைத் திறந்தால் மீன்தண்ணி.
தலையை மட்டும் ஆட்டினேன்.
முறுக்கினான்.

வார்ப்பு வளைவுக்கு முன்னால்
திரும்பிப் பாராமல்
இடது கையை வெளியே நீட்டி
விரலால் தரையைக் காட்டினான்.

பள்ளம்.