இதர செலவுகள்

போர்ட் அல்பெர்னி. மோட்டல் அறை பதினொன்று.
நள்ளிரவோடு மானிய விண்ணப்பம் மூடிவிடும்.
அதுவும் டொராண்டோ நள்ளிரவு;
இங்கே ஒன்பது மணிக்கே முடிந்துபோகிறது நாள்.

உங்கள் கட்டுரையால் என்ன மாறும்?
நூற்றைம்பது சொல்லுக்குள்.

நேற்று ஓர் அடிக்கட்டையில் ஏறி உட்கார்ந்து
குண்டூசி குத்திக் குத்தி வளையம் எண்ணினேன்.
முந்நூற்றுப் பத்தொன்பதில் மழை பிடித்தது.
மையத்துக்கு இன்னும் ஒரு முழம் இருந்தது.

பெட்ரோல், நூற்று எண்பது டாலர்.
டயர்ச் சங்கிலி வாடகை.
அறை, மூன்று இரவு.
எல்லாவற்றுக்கும் ரசீது இணைக்க வேண்டும்.

டெரில் என்று வைத்துக்கொள்வோம் அவன் பெயரை.
இருபத்தாறு வருடமாய் மரலாரி ஓட்டுகிறவன்.
இரண்டு முட்டை, கருகிய ரொட்டி, மூன்று காப்பி
முடியும்வரை ஹாக்கி, மகளின் பல்கம்பி.
பிறகு பேப்பர் நாப்கினில்
வரைபடத்தில் இல்லாத ஒரு சாலையைக் கீறினான்.
"என் வீட்டுக்கடனை அந்த மரங்கள்தான் அடைத்தன,
அதையும் எழுது."
ரசீது மட்டும் வேண்டாமாம்.
ஊர் சின்னது, காகிதம் பேசும்.

எட்டு ஐம்பத்தாறு.
நூற்றைம்பது சொல்லையும் அழித்துவிட்டு எழுதுகிறேன்:
தெரியாது. அந்தச் சாலையில் போய்ப் பார்க்க வேண்டும்.

இதர செலவுகள்:
பதினேழு டாலர் நாற்பது சென்ட். ரசீது இல்லை.

அனுப்பியாயிற்று.
வெளியே ஒரு லாரி
கியர் மாற்றி மேடேறுகிறது, இந்நேரத்தில்.
சுமையோடா, காலியாகவா,
சத்தத்தை வைத்துச் சொல்ல
இன்னும் பழகவில்லை எனக்கு.