எந்த ஐந்து மணி

எண் ஒன்றுக்கு இவ்வளவு என்றுதான் என் கூலி.
செம்புத் தகட்டில் வெள்ளை எனாமல்,
அதன்மேல் லாவெண்டர் எண்ணெயில் குழைத்த கறுப்பு,
மூன்றே மயிர் வைத்த தூரிகை.
பெசான்சோன் நகரத்தில் பாதிப் பேரின் சட்டைப்பைக்குள்
துடித்துக்கொண்டிருப்பது என் கையெழுத்து.

பூத்ரோ வந்து வாசலில் நின்றபடி அறிவித்தார்:
"குடிமகள் தியெனெத்,
இனி நாளுக்குப் பத்தே மணி.
மணிக்கு நூறு நிமிடம்.
நண்பகலில் ஐந்து அடிக்கும்."

அரசன் தலை போனபோது நான் அழவில்லை.
பன்னிரண்டில் இரண்டு போனதும்
விரல் விட்டுக் கூலியை எண்ணினேன்.
"குடியரசு எனக்கு இரண்டு எண் கடன்" என்றேன்.
பூத்ரோ சிரிக்கவில்லை.
குறித்துக்கொண்டார்.

என்னை எதிரி என்று நினைத்துவிடாதீர்கள்.
உப்பு வரி ஒழிந்த இரவில்
தெருவே கூடி ஒரு கொப்பரை சூப் வைத்தது.
கைப்பிடி கைப்பிடியாக அள்ளிக் கொட்டினோம்.
வாயில் வைக்க முடியவில்லை.
சொட்டு மிச்சமில்லாமல் குடித்தோம்.
ஃபெர்ஜூவுக்கு அப்போது பதினான்கு வயது.
விடியும்வரை கிணற்றுக்கும் வீட்டுக்கும்
வாளியோடு ஓடிக்கொண்டிருந்தான்,
பாதித் தண்ணீரைச் சிரித்தே சிந்தினான்.

பிறகு கிழமைகள் போயின.
பத்தாம் நாள்தான் ஓய்வு என்றார்கள்.
காலண்டரிலிருந்து புனிதர்களை இறக்கிவிட்டு
நாளுக்கொரு பெயர் ஏற்றினார்கள்:
கந்தகம், நாய், எரு,
முயல், சுண்ணாம்புக்கல்.
"அப்படியென்றால் அம்மா,
நான் எரு அன்று பிறந்தவனா?"
ஒரு புனிதரின் பெயரைச் சுமந்தவன் கேட்டான்.
அதற்கடுத்த மாதம் மூவண்ணப் பட்டை குத்திக்கொண்டு
எல்லைக்குப் போனான்.

கடிதம் பட்டாளத்து எழுத்தரின் கையெழுத்தில் வந்தது.
பனி மாதம், இருபதாம் நாள்.
நாளின் பெயர்: முறம்.
ஹாலந்தில் ஓர் ஆறு, அதன் பெயர் என் நாக்கில் நிற்காது,
கல்லாக உறைந்திருந்ததாம்.
பீரங்கி வண்டி பாதி தூரம் போனதும்
பனிக்கட்டி விட்டுக்கொடுத்ததாம்.
ஐந்து மணிக்கு.

பக்கத்து வீட்டு ஒதீல் ஒளித்து வைத்திருந்த
பழைய பஞ்சாங்கத்தில் விரல் ஓட்டி
வெள்ளிக்கிழமை என்றாள்.
சரி, நாள் கிடைத்துவிட்டது.
எந்த ஐந்து?

பழைய ஐந்து என்றால் விடியலுக்கு முந்தைய இருட்டு.
தூக்கக் கலக்கத்தில் போயிருப்பான்.
அல்லது மாலை; நான் இங்கே
விறகு ஈரம் என்று திட்டிக்கொண்டிருந்த நேரம்.
புதிய ஐந்து என்றால் உச்சிப்பொழுது.
அவ்வளவு வெளிச்சத்தில்
விரிசல் தன்னை நோக்கி வருவதைப் பார்த்திருப்பான்.

அந்த எழுத்தர் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்?
அதன் முகத்தை எழுதியது யார்?
படைப்பிரிவுக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டேன்.
நாட்டின் நன்றியைத் தெரிவித்து
ஒரு பதில் வந்தது.
ஆகவே என் மகன் நாளுக்கு மூன்று முறை இறக்கிறான்.
ஒவ்வொரு முறையும் தூரிகையைக் கழுவி வைத்துவிடுகிறேன்,
எனாமலில் கை நடுங்கினால் தகடு வீண்.

துளிர் மாதத்தில் பூத்ரோ திரும்பி வந்தார்.
பத்து மணி நேரம் "தள்ளிவைக்கப்பட்டது" என்றார்.
ஒழிக்கப்பட்டது என்ற சொல்லை
வேறு எதற்காகவோ சேமித்து வைத்திருந்தார் போலும்.
விற்காத நாற்பது முகங்கள் என்னிடமே திரும்பின,
பாதிக் கூலியோடு.

முப்பத்தொன்பதைச் செம்புக்காரனிடம் போட்டேன்.
ஒன்று மட்டும் உப்பு ஜாடிக்கு
அளவெடுத்ததுபோல் மூடியாகப் பொருந்திற்று.
சூப் கொதிக்கும்போது அதை எடுக்கிறேன்,
ஒரு சிட்டிகை போடுகிறேன்,
மூடும்போது ஐந்து இருக்கும் பக்கத்தைச்
சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கிறேன்.